தசைப் பெயரெல்லாம் தெரியும், வரைந்த ஆள்தான் நிற்க மாட்டேன் என்கிறார்

#1 செம்மண்_பென்சில்

வணக்கம். மும்பையில் ஒரு கலைக் கல்லூரியில் ஓவியம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு சயானில்.

உடற்கூறு எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்தான் வருகிறது. டெல்டாய்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சார்டோரியஸ் எப்படித் தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலுக்கு உள்பக்கம் போய்ச் சேருகிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். லைஃப் க்ளாஸில், அதாவது ஆளை நேரில் நிறுத்தி வரையும் வகுப்பில், உட்கார்ந்தால் கதை வேறு. தசைகள் எல்லாம் அதது இடத்தில் இருக்கும், ஆள் மட்டும் நிற்க மாட்டார். கால் தரையில் ஊன்றாமல் தொங்கும். சார் வந்து பார்த்து, "பாரம் எந்தக் காலில் இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

இன்னொன்று. அடுத்த பருவத்தில் ஆடையில்லாத மாடலை வைத்து வரையும் வகுப்பு இருக்கிறது. அது தெரிந்ததிலிருந்து வீட்டில் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கல்லூரியில் லைஃப் க்ளாஸுக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. வெளியே எப்படிப் பழகுவது? யாராவது வழி சொல்லுங்கள்.

#2 கோரேகாவ்_கீஃப்ரேம்

அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். என் பதில் நேரடியாக: போட்டோ, வீடியோ, 3டி மாடல் ஆப். கைபேசியிலேயே எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கலாம், வெளிச்சத்தை மாற்றலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் போஸ் அசையாமல் நிற்கும். ஓடுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்தி முப்பது வினாடிக்கு ஒரு ஜெஸ்ச்சர் போடுங்கள். தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் ஓட்டத்தை ஒரே கோட்டில் பிடிக்க வேண்டும், தசைப் பக்கமே போகக்கூடாது. எங்கள் ஸ்டுடியோவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்.

#3 கரித்தூள்

மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்தவன். இப்போது செம்பூரில் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன்.

உங்கள் சார் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறதம்மா. பாரம் எந்தக் காலில் என்பதை முடிவு செய்யாமல் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. ஒரு காலில் சாய்ந்து நிற்பவரைப் பாருங்கள். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கும், அதே பக்கத்துத் தோள் இறங்கியிருக்கும். இடுப்புக் கோடும் தோள் கோடும் எதிரெதிராகச் சாயும். பாரம் தாங்கும் பக்கம் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே சதை மடிந்து நெருங்கும், மறுபக்கம் இழுபட்டு நீளும். கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு நூல் தொங்கவிட்டால், பாரம் தாங்கும் பாதத்தின் உள் கணுக்கால் அருகே வந்து விழும். எங்கோ நடுவில் விழுந்தால் உங்கள் ஆள் விழப்போகிறார் என்று அர்த்தம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரிசை இது. பார்த்தவுடன் கழுத்துக் குழிக்கு ஒரு புள்ளி, பாரக் கால் பாதத்துக்கு ஒரு புள்ளி. அப்புறம் இடுப்புச் சாய்வு. அப்புறம் தோள் சாய்வு. அதன் பிறகு விலாக் கூட்டை ஒரு முட்டையாகவும் இடுப்பை ஒரு பெட்டியாகவும் போட்டு, இரண்டும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். இந்த இரண்டும் கெட்டி, வளையாது. வளைவது இரண்டுக்கும் நடுவே உள்ள வயிற்றுப் பகுதிதான். ஜார்ஜ் பிரிட்ஜ்மன் நியூயார்க்கில் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததன் சாரமும் இதுவே: தலை, மார்பு, இடுப்பு என்று மூன்று கட்டிகள், அவற்றுக்கு இடையிலான திருகல். தசைக்கு இதற்குப் பிறகுதான் முறை.

கரித்துண்டும் நியூஸ்பிரிண்ட் தாளும் போதும். நல்ல கார்ட்ரிட்ஜ் தாளில் பழகினால் தாள் வீணாகிவிடுமோ என்று கை பயப்படும்.

அம்மா விஷயத்துக்கு: ஜே.ஜே. 1857-ல் தொடங்கியது. அங்கே ஆடையில்லாத மாடலை வைத்து வரைவதைப் பாடமாக அழுத்தமாகக் கொண்டுவந்தவர் 1919-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த கிளாட்ஸ்டன் சாலமன். நூறு வருடமாக இந்த ஊரில் நடந்துவரும் படிப்பு இது என்று சொல்லிப் பாருங்கள்.

#4 பிசியோ_முலுண்ட்

நான் ஓவியர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். என் மகள் வரைவதால் இந்தப் பக்கம் வருவேன்.

தசையைப் பிணத்தில் படித்தவள் நான். அதில் தசை தட்டையாகக் கிடக்கும். உயிருள்ள ஆள் கையை மடக்கும்போது திரளுவதும் தளர்த்தும்போது தொங்குவதும் படிப்பு அறையில் தெரியாது. உங்கள் புத்தகப் படங்களும் அப்படித்தான், எல்லாத் தசையும் ஒரே சமயத்தில் விறைத்திருக்கும். நிஜத்தில் சில இழுக்கும், எதிர்ப்பக்கம் உள்ளவை விட்டுக்கொடுக்கும். எல்லாவற்றையும் சமமாக வரைந்தால் ஆள் கல்லாகிவிடுகிறார்.

எலும்பு அப்படி இல்லை. வயது வந்தவர் உடம்பில் 206 எலும்பு. அத்தனையும் உங்களுக்கு வேண்டாம். ஒல்லியோ குண்டோ, தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் இடங்கள் சில உண்டு, அவைதான் வேண்டும். கழுத்துக் குழி, காறை எலும்பு முழுவதும், தோள் முனை, கழுத்தடியில் குனிந்தால் துருத்தும் ஏழாவது முள்ளெலும்பு, முழங்கை முனை, இடுப்பின் முன்பக்க முனைகள் இரண்டு, பின்பக்கம் இரண்டு குழிகள், முழங்கால் சில்லு, முன்னங்கால் எலும்பின் முன்விளிம்பு, கணுக்கால் முட்டுகள். நோயாளி வந்தால் நாங்களும் முதலில் விரலால் தேடுவது இந்த இடங்களைத்தான். உங்கள் உடம்பிலேயே ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

#5 செம்மண்_பென்சில்

கரித்தூள் சார், ரொம்ப நன்றி. நேற்று பழைய தாள்களை எடுத்து நூல் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏன் விழுகிறார்கள் என்பது இப்போது தெரிகிறது.

பிசியோ அக்கா, ஒரு சந்தேகம். முன்கை எனக்கு வரவே வராது. உள்ளங்கையைத் திருப்பினால் எல்லாமே மாறிவிடுகிறது.

#6 பிசியோ_முலுண்ட்

மேஜையில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மறு கை விரலை முழங்கை முனையில் வைத்து, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை எலும்பை அழுத்திக்கொண்டே வாருங்கள். விரல் ஓரிடத்திலும் எலும்பை விட்டு விலகாது. அதுதான் அல்னா. இப்போது விரலை எடுக்காமல் உள்ளங்கையை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அல்னா ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ்தான் அதன் மேல் குறுக்காகப் புரண்டு போகிறது. கை திரும்புவது ரேடியஸோடு சேர்ந்துதான்.

ஆகவே முதலில் முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை அல்னா கோட்டைப் போடுங்கள். திருப்பிய கையில் மணிக்கட்டின் மேல்பக்கம் சுண்டுவிரல் ஓரமாக ஒரு முண்டு துருத்தும், அது அல்னாவின் கீழ் முனை. அந்த முண்டை இடம் மாற்றி வைத்தால் முன்கை முழுக்கத் தப்பாகிவிடும். முழங்கைப் பக்கம் முன்கை உருண்டை, மணிக்கட்டுப் பக்கம் வரவரத் தட்டை. இதையும் கவனியுங்கள்.

காலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கெண்டைக்காலில் உள்பக்கத் திரட்சி தாழ்ந்தும் வெளிப்பக்கத் திரட்சி உயர்ந்தும் இருக்கும். கணுக்காலில் அது தலைகீழ்: உள் முட்டு மேலே, வெளி முட்டு கீழே. நேர்க்கோடாகப் போட்ட கால்கள் உயிரில்லாமல் தெரிவதற்கு இதுவே காரணம்.

#7 ஒடியோலை

சுவாமிமலைப் பக்கத்துக் குடும்பம். பிழைப்புக்காக டோம்பிவிலி வந்தாயிற்று. தாத்தா வார்ப்பு வேலை செய்தவர்.

உடம்பின் உயரம் எட்டுத் தலை, ஏழரைத் தலை என்று எல்லோரும் மேல்நாட்டு அளவையே பேசுகிறோம். நம் சிற்பிகள் சிலையின் உடலை அளக்கும் தாலக் கணக்கையும் அந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டும். சிலையின் மொத்த உயரத்தை 124 பங்காக வைத்தால் ஒரு பங்கு ஓர் அங்குலம். சிவன், விஷ்ணு போன்ற பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாலம் இது. தேவியருக்கு 120, மத்திம தசதாலம். எங்கள் வீட்டில் சொல்லும் பகுப்பு: உச்சியிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 4, முகம் பதின்மூன்றரை, கழுத்து 4, அங்கிருந்து மார்பு வரை, மார்பிலிருந்து தொப்புள் வரை, தொப்புளிலிருந்து குறி வரை ஒவ்வொன்றும் பதின்மூன்றரை. தொடை 27, முழங்கால் 4, கீழ்க்கால் 27, பாதம் 4. சிற்ப நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. கூட்டிப் பாருங்கள், 124 வரும். உச்சியிலிருந்து குறி வரை 62, சரிபாதி. மேல்நாட்டுப் பாடமும் உடம்பின் பாதியை அதே இடத்தில்தான் வைக்கிறது. கடவுளுக்கான அளவானாலும் மனித உடம்பைக் கூர்ந்து பார்த்தவர்கள் போட்ட கணக்கு.

தாத்தா ஸ்கேல் வைத்துக்கொள்ள மாட்டார். தென்னை ஓலையைச் சிலை உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவுக் குறி போடுவார். அதன் பெயர்தான் ஒடியோலை. மெழுகு உருவத்தின் மேல் அந்த ஓலையை வைத்து வைத்துப் பார்ப்பார். நீங்களும் பென்சிலை நீட்டிப் பிடித்து மாடலின் தலையை அளக்கிறீர்களே, வேலை ஒன்றுதான்.

கரித்தூள் சார் சொன்ன இடுப்புச் சாய்வுக்கு நம்மிடம் திரிபங்கம் இருக்கிறது. தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சோழர் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள், பார்வதியின் இடுப்பு எந்தக் காலின் மேல் ஏறியிருக்கிறது என்பதில் குழப்பமே இருக்காது.

#8 கோரேகாவ்_கீஃப்ரேம்

எல்லாம் சரி. ஆனால் லைஃப் க்ளாஸ் நேரம் குறைவு என்று அவரே சொல்கிறார். மாடல் வைத்து வரைய வெளியே பணம் கட்ட வேண்டும். கையில் இருக்கும் கைபேசியை ஏன் ஒதுக்க வேண்டும்? போட்டோவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நல்ல ஓவியர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள்.

#9 கரித்தூள்

ஒதுக்கச் சொல்லவில்லை, தம்பி. முதல் இரண்டு வருடத்தில் அதையே நம்பி இருக்கக்கூடாது என்கிறேன். கைபேசியை நெஞ்சு உயரத்தில் பிடித்து நின்றவரைக் கிட்டத்தில் எடுத்தால் மேல் உடம்பு பெருத்து, பாதம் சிறுத்துவிடும். அளவே பழகாத கண் அதை அப்படியே நம்பிவிடும். நிழல் பகுதி கருப்பாகக் கட்டிப்போகும், அதற்குள் உருவம் எப்படித் திரும்புகிறது என்பது தெரியாது. நேரில் ஒருவரை வரையும்போது சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு வரலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தவனுக்குப் போட்டோ உதவும். அது உங்களுக்குத் தெரியும், அதனால் உதவுகிறது. இந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

#10 மேடையில்_அமர்பவள்

என் மகன் எழுதித் தருகிறான். நான் தாராவியில் இருக்கிறேன். பல வருஷமாக மாடலாக வேலை செய்கிறேன், சேலையோடும் உட்கார்ந்திருக்கிறேன், இல்லாமலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பேச்சைப் பையன் வாசித்துக் காட்டினான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு விஷயம் சொல்லணும்.

பிள்ளைகள் வரையும்போது ஒன்றைக் கவனிப்பதில்லை. நாங்கள் அசையாமல் இருப்பதாக நினைக்கிறார்கள். நின்ற போஸில் ஐந்து நிமிஷம் போனால் இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்புறம் தோள் இறங்கும். தூக்கிப் பிடித்த கை, எவ்வளவு பல்லைக் கடித்தாலும், தாழும். பாரம் தாங்கும் காலில் முதலில் குதிகால் மரத்துப் போகும், பிறகு தொடை நடுங்கும். நீங்கள் தலையை முதலில் வரைந்து, அரை மணி கழித்து இடுப்புக்கு வந்தால், அந்தத் தலை ஒரு நேரத்து உடம்பு, இடுப்பு வேறு நேரத்து உடம்பு. இரண்டையும் ஒட்டினால் எப்படி நிற்கும்? முதல் ஒரு நிமிஷத்தில் உச்சி முதல் பாதம் வரை முழு ஆளையும் லேசாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் நாங்கள் தளர்ந்தாலும் உங்கள் தாளில் அந்த முதல் நிலை இருக்கும். நன்றாக வரைகிற பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், மேடையிலிருந்து எனக்குத் தெரியும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், தாளைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று உங்கள் அம்மாவுக்கு. அந்த அறையில் எந்தத் தப்பும் நடப்பதில்லை அம்மா. கதவு சாத்தியிருக்கும். கைபேசி எடுக்கக்கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓய்வு விடுவார்கள், எழுந்து துணியைச் சுற்றிக்கொண்டு டீ குடிப்பேன். திரும்பி அதே இடத்தில் நிற்க, பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருப்பார்கள். பிள்ளைகள் மௌஷி என்றும் அம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். இந்தச் சம்பளத்தில்தான் என் பையன் படித்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் மகளும் என்னைப் போல் ஒருத்தியை மரியாதையோடு பார்த்து வரையத்தான் போகிறாள்.

#11 செம்மண்_பென்சில்

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பதிவை ராத்திரி என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை ஒன்றும் பேசாமல் கேட்டார். "அந்த அம்மாவுக்கு வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டார். அப்புறம், "கால் வலிக்குமே, உட்கார நாற்காலி தருவாங்களா?" என்றார். வகுப்புக்குப் போ என்று சொல்லவில்லை, ஆனால் காலையில் வழக்கம்போல் பேசினார்.

முழு ஆளையும் முதல் நிமிடத்தில் போடுவதை இந்த வாரம் முயன்றேன். தசை ஒன்றுகூட இல்லை, ஆனால் நிற்கிறார்!

வெளியே பழகும் விஷயம் மட்டும் பாக்கி. லோக்கல் ரயிலில் வரையலாமா? தினமும் சயானிலிருந்து வி.டி. (சிஎஸ்எம்டி) ஸ்டேஷன் வரை போகிறேன்.

#12 எழும்பூர்_பழைய_மாணவி

தாராளமாக வரையலாம். நான் சென்னை எழும்பூர் கலைக் கல்லூரியில் படித்தவள், கல்யாணமாகித் தாணேயில் இருக்கிறேன். எங்கள் கல்லூரியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். அதனாலோ என்னவோ, எலும்புப் படிப்பில் எனக்குத் தனிப் பிரியம்.

லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்) போகிறீர்கள், அதுவே பெரிய வசதி. ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். பிறகு பார்த்து வரையலாம் என்று யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். அடையாளம் தெரியும்படி முகம் போடாதீர்கள். ஒருவர் கவனித்து முகம் சுளித்தால் உடனே புத்தகத்தை மூடிவிடுங்கள். கேட்டால் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலோர் "எங்கே, என்னையா? காட்டு" என்று வாங்கிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

உட்கார்ந்து தூங்குபவர்களிடம் தொடங்குங்கள். இடுப்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகின் வளைவு நிமிர்ந்து, விலாக் கூடு அதன் மேல் சரிந்து உட்காரும். தலை பாரமானது என்பது அப்போதுதான் புரியும். அடுத்து, குழந்தையை இடுப்பில் வைத்து நிற்பவர்கள். குழந்தை இருக்கும் பக்கம் இடுப்பு வெளியே தள்ளும், மேல் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். ஒடியோலை அண்ணா சொன்ன திரிபங்கத்தைத் தாதரில் தினமும் பார்க்கலாம். சேலை மறைக்கிறதே என்று நினைக்காதீர்கள். துணி எங்கே இழுபட்டு ஒட்டுகிறதோ அங்கே எலும்பு இருக்கிறது. முழங்கால், இடுப்பு முனை, தோள். மடிப்புகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சென்னைக்குப் போனால் மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்து வரையுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தார்கள். எங்கள் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர். நான்கு பேர் ஒரே பாறையை நகர்த்துகிறார்கள், நான்கு பேருக்கும் பாரம் வேறு வேறு இடத்தில் இறங்குகிறது. அதைப் போல ஒரு பாடம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

#13 பிசியோ_முலுண்ட்

ரயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. மேலே கைப்பிடியைப் பிடித்து நிற்பவர்களைப் பின்னாலிருந்து பாருங்கள். கை முழுவதும் மேலே போவதை 180 டிகிரி என்று வைத்தால், ஏறக்குறைய 120 தான் தோள் மூட்டிலிருந்து வரும். மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழன்று தருவது. கீழே இருக்கும் அதன் முனை அக்குளுக்கு அடியில் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்க்கும். காறை எலும்பின் வெளி முனையும் ஏறும். தோள்பட்டையை அசைக்காமல் கையை மட்டும் தூக்கி வரைவதால்தான் மாணவர்களின் படங்களில் தூக்கிய கை ஒட்டவைத்ததுபோல் தெரிகிறது.

#14 கோரேகாவ்_கீஃப்ரேம்

மேடையில் அமரும் அம்மா சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 3டி மாடல் தளராது. எங்கள் பாத்திரங்கள் நிற்கும்போது எதுவோ குறைகிறது என்று டைரக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். கரித்தூள் சார், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்காவது வரையப் போனால் நானும் வரலாமா?

#15 கரித்தூள்

வாருங்கள். இந்த ஞாயிறு எலிபெண்டா தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். குகைச் சிற்பங்களில் பலவற்றுக்குக் கால்கள் உடைந்துவிட்டன, அதனால் கண் நேராக உடற்பகுதிக்குப் போகும். அர்த்தநாரீசுவரரில் ஒரே உடம்பின் இரண்டு பாதியிலும் இடுப்பும் மார்பும் எப்படி வேறுபடுகின்றன என்று உட்கார்ந்து வரைய வேண்டும், மதியம் வரை அது ஒன்றே போதும். நந்தியின் மேல் சாய்ந்து நிற்பதால் பாரமும் தெளிவாகத் தெரியும்.

கேட்வே ஆஃப் இந்தியாவில் காலை முதல் படகுக்கு வந்துவிடுங்கள், போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் ஞாயிறு விட்டால் அடுத்த வாரம்தான். உள்ளே இருட்டாக இருக்கும், வெள்ளைத் தாளைவிடப் பழுப்புத் தாளும் கரியும் கொஞ்சம் வெள்ளைச் சாக்கும் நல்லது. ஒடியோலை அண்ணா, முடிந்தால் ஓலையோடு வாருங்கள்.

#16 ஒடியோலை

வருகிறேன். ஓலை டோம்பிவிலி சந்தையில் கிடைக்கும்.

#17 செம்மண்_பென்சில்

நானும். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், பரவாயில்லையா?

#18 கரித்தூள்

கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். படிக்கட்டு நிறைய, முழங்கால் வலி இருந்தால் மெதுவாக ஏறச் சொல்லுங்கள். தண்ணீர் எடுத்து வாருங்கள்.